தேர்ச்சி விழுக்காடு: யார் யாருக்குக் கொடுக்கும் கணக்கு?

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் கோடையில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. அன்றே மாவட்டவாரியான பட்டியலும் வந்துவிடுகிறது. எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி, எத்தனை பள்ளிகள் நூறு விழுக்காடு என்று செய்திகள் ஓடும். பிறகு, விழுக்காடு குறைந்த பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அழைத்துக் கூட்டம் நடத்துவார்கள். ஏன் குறைந்தது என்று எழுதித் தரச் சொல்வார்கள். அப்படி எழுதித் தருகிறவர்களில் கணிசமானவர்கள் கிராமப்புற அரசுப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் வேலை செய்கிறவர்கள்.

ஆசிரியரிடம் கணக்குக் கேட்பது நியாயம்தான். பாடம் நடத்தாமல் சம்பளம் வாங்கியவர்களையும், சேரிப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து மறந்துபோனவர்களையும் நமக்குத் தெரியும். அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் தேர்வு முடிவை வைத்துப் பள்ளியையும் ஆசிரியரையும் அளக்கும் இந்த வழக்கத்துக்கு 160 ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு நெடுகிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. கணக்கு யாரிடம் கேட்கப்படுகிறது? யாரிடம் கேட்கப்படுவதே இல்லை? இந்த உரையில் அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தேர்ச்சிக்குக் கூலி

1862இல் இங்கிலாந்தில் ஒரு புதிய கல்வி விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. கல்விக் குழுவின் துணைத்தலைவராக இருந்த ராபர்ட் லோ கொண்டுவந்தது. ஏழைகளின் தொடக்கப்பள்ளிகளுக்கு அரசு தரும் மானியம் இனி ‘முடிவுகளுக்கு ஏற்ப’ தரப்படும் என்பது அதன் சாரம். ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 12 ஷில்லிங். அதில் 4 ஷில்லிங் வருகைக்கு. மீதி 8 ஷில்லிங், வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்று பாடங்களிலும் இன்ஸ்பெக்டர் வைக்கும் தேர்வில் குழந்தை தேறினால் கிடைக்கும். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. அதுவரை ஆசிரியருக்கு நேரடியாகப் போய்க்கொண்டிருந்த பணம், இனி பள்ளி நிர்வாகியின் கைக்குப் போனது. நிர்வாகியிடம் பேரம் பேசித்தான் ஆசிரியர் தன் சம்பளத்தை வாங்க வேண்டியிருந்தது.

கல்வி தரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மலிவாகவாவது இருக்க வேண்டும் என்பது லோவின் வாதம். அது மலிவாகவே ஆனது. 1862இல் 8 லட்சத்து 13 ஆயிரம் பவுனாக இருந்த மானியம் 1865இல் 6 லட்சத்து 37 ஆயிரமாகச் சரிந்தது. பள்ளிகளில் மூன்று பாடங்கள் மட்டும் நின்றன. வரலாறும் நிலவியலும் பாட்டும் ஒதுங்கின. தேர்வுக்குரிய வாசிப்புப் புத்தகத்தைக் குழந்தைகள் பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்தார்கள். கவிஞராக அறியப்பட்ட மேத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தார். இந்த முறை கற்பித்தலை எந்திரமாக்கிவிட்டது என்று தன் ஆண்டறிக்கைகளிலேயே எழுதினார். 1890களில் இங்கிலாந்து இதைப் படிப்படியாகக் கைவிட்டது. ஆனால் அதற்கு முன்பே இந்த முறை கப்பலேறி நம் ஊருக்கு வந்துவிட்டிருந்தது.

திண்ணைக்கு வந்த இன்ஸ்பெக்டர்

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்றது. சென்னை மாகாணத்தில் 1860களின் பிற்பகுதியில் தேர்ச்சிக்கு ஏற்ற மானிய முறை தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தபின் அந்த நிதியைக் கொண்டு கிராமத்துத் திண்ணைப் பள்ளிகளை அரசின் கணக்குக்குள் கொண்டுவர இதே முறை பயன்பட்டது. திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு மாதச் சம்பளம் கிடையாது. இன்ஸ்பெக்டரோ அவருக்குக் கீழிருந்த அலுவலரோ வருவார். பிள்ளைகளை நிறுத்தி வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குக் கேட்பார். தேறிய தலைகளை எண்ணி மானியம் வரும்.

அரசுக்கு இது வசதியான ஏற்பாடு. பள்ளி கட்ட வேண்டாம், ஆசிரியரை நியமிக்க வேண்டாம், பயிற்சி தர வேண்டாம். விளைந்ததற்கு மட்டும் விலை கொடுத்தால் போதும். விளையாமல் போனால் நட்டம் வாத்தியாருடையது.

இதைச் சாதி கட்டிய ஒரு கிராமத்தில் வைத்துப் பாருங்கள். ஊர்த் தெருவில் ஒரு திண்ணைப் பள்ளி. பிள்ளைகள் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள், கணக்குப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள். வீட்டிலேயே எழுத்து இருக்கிறது. ஆண்டு முழுவதும் வர முடிகிறது. தேர்ச்சிக்கு அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. அதே கிராமத்துச் சேரியில் ஒருவர் பள்ளி தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் பெற்றோர் பண்ணையாட்கள். நடவுக்கும் அறுப்புக்கும் பிள்ளைகளும் போக வேண்டும், மாடு மேய்க்க வேண்டும். சேரியில் பள்ளி நடப்பதை மிராசுதார் விரும்ப மாட்டார். எழுத்து இதற்குமுன் அந்த வீடுகளுக்குள் வர விடப்படவில்லை. ஆண்டு முடிவில் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்பவர்கள் சிலர், தேறுகிறவர்கள் அதிலும் சிலர். மானியம் வாத்தியாரின் கஞ்சிக்குக்கூட ஆகாது.

விதியில் சாதி என்ற சொல்லே இல்லை. எல்லாக் குழந்தைக்கும் ஒரே தேர்வு, ஒரே விகிதம். ஆனால் இந்தச் சமமான விதி சேரியில் பள்ளி வைப்பதை நட்டத் தொழிலாக்கியது. வெளியிலிருந்து பணம் வரக்கூடியவர்களே சேரியில் பள்ளி நடத்த முடிந்தது. மிஷன்கள் நடத்தின. 1894இல் அயோத்திதாசர் தொடர்போடு கர்னல் ஆல்காட் சென்னை அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மானியத்தை மட்டும் நம்பி ஒரு தனி வாத்தியார் சேரியில் திண்ணை போட்டுப் பிழைக்க வழியில்லை.

1882: பூலே சொன்னது

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் மகாத்மா ஜோதிராவ் பூலே. 1882இல் ரிப்பன் பிரபு ஆட்சியில் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் தலைமையில் கல்வி ஆணையம் அமைந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பூலே புனேயிலிருந்து ஆணையத்துக்கு மனு கொடுத்தார். அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவர்களின் உழைப்பிலிருந்து வருகிறது, அது மேல்சாதியாரின் உயர்கல்விக்குச் செலவாகிறது என்று அதில் கணக்குக் கேட்டார். அந்த மனுவில் நம் பொருளோடு நேராகத் தொடர்புள்ள இடங்கள் மூன்று.

ஒன்று. தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் ஏழை எளிய மக்களிடையே கல்வி பரவ ஏற்றதல்ல என்கிறார். காரணத்தையும் சொல்கிறார். இந்த மக்களிடையே எந்த ஆசிரியரும் தன் பொறுப்பில் பள்ளி தொடங்க முன்வரமாட்டார், ஏனெனில் அதைக்கொண்டு அவர் பிழைக்க முடியாது. ஆகவே அரசே பள்ளி நடத்த வேண்டும், தனி ஊக்கங்களும் தர வேண்டும். 1848இலிருந்து பெண்களுக்கும், பிறகு மஹர், மாங் குழந்தைகளுக்கும் பள்ளிகள் நடத்திய அனுபவத்திலிருந்து அவர் இதைச் சொல்கிறார்.

இரண்டு. ஆசிரியரைச் சும்மா விட்டுவிடவும் அவர் சொல்லவில்லை. ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போவதால் பயனில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும், சொல்லாமல் கொள்ளாமலும் வர வேண்டும் என்கிறார். கண்காணிப்பு போதவில்லை என்பதுதான் அவர் குறை.

மூன்று. ஆசிரியருக்கு எங்கும் 12 ரூபாய்க்குக் குறையாமல் மாதச் சம்பளம், பெரிய ஊர்களில் 15 அல்லது 20 ரூபாய் என்று கேட்கிறார். நிறையப் பிள்ளைகளைத் தேறவைக்கும் ஆசிரியருக்குச் சம்பளத்துக்கு மேல் தனிப்படி கொடுங்கள் என்றும் சொல்கிறார்.

இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பூலே தேர்வுக்கு எதிரி அல்லர், ஊக்கத்தொகைக்கும் எதிரி அல்லர். முதலில் அரசு தன் கடமையைச் செய்ய வேண்டும்: பள்ளி, பயிற்சி பெற்ற ஆசிரியர், உறுதியான சம்பளம், அடிக்கடி ஆய்வு. அதற்கு மேல்தான் ஊக்கத்தொகை. ஆசிரியரின் சோற்றைக் குழந்தையின் மதிப்பெண்ணில் கட்டித் தொங்கவிட்டால், குறைந்த மதிப்பெண் வாங்கக்கூடிய குழந்தையை விட்டு ஆசிரியர் விலகுவார். 1882இல் சொல்லப்பட்ட இந்த உண்மையை இன்றைய கல்வி நிர்வாகம் இன்னும் படிக்கவில்லை.

ஹண்டர் ஆணையம் என்ன செய்தது? தொடக்கப்பள்ளி மானியம் பெருமளவுக்குத் தேர்வு முடிவின்படியே இருக்கட்டும் என்றது. பின்தங்கிய மாவட்டங்களுக்கும் சிறப்புச் சூழலில் உள்ள பள்ளிகளுக்கும் விதிவிலக்குத் தரலாம் என்று சேர்த்துக்கொண்டது. அரசுப் பள்ளியில் சாதியைக் காரணம்காட்டி எந்தக் குழந்தையையும் மறுக்கக் கூடாது என்ற பழைய கொள்கையை மீண்டும் உறுதிசெய்தது. ஆனால் அதைத் ‘தக்க எச்சரிக்கையோடு’ நடைமுறைப்படுத்தச் சொன்னது. 1856இல் தார்வாரில் ஒரு மஹர் சிறுவன் அரசுப் பள்ளியில் இடம் கேட்டு மறுக்கப்பட்டதிலிருந்தே அந்த எச்சரிக்கை தொடர்ந்துவந்தது. தேர்ச்சி பெறாத குழந்தைக்குப் பணத்தை வெட்டுவதில் எச்சரிக்கை இல்லை, குழந்தையைச் சேர்க்காத பள்ளியின்மேல் கைவைப்பதில் மட்டும் எச்சரிக்கை.

பட்டியலில் வராத குழந்தை

1893இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கென்று ஓர் ஆணை வெளியிட்டது. தனிப்பள்ளிகளுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் மானியத்துக்கும் அது சலுகைகள் தந்தது. பஞ்சமர் கல்வியின் ‘மேக்னா கார்ட்டா’ என்று அதைப் புகழ்ந்தார்கள். ஒரே அளவுகோல் சேரிக்குப் பொருந்தாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று.

அதே ஆண்டு இன்னொரு தேர்வைப் பற்றியும் நம் முன்னோர் பேசினார்கள். இந்தியக் குடிமைப்பணித் தேர்வை இலண்டனிலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று 1893 ஜூனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில் தீர்மானம் நிறைவேறியது. காங்கிரஸ் இதைக் கொண்டாடியது. இரட்டைமலை சீனிவாசனும் பறையர் மகாஜன சபையும் எதிர்த்து மனு அனுப்பினார்கள். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனு. ஒரு சாதிக்கு மட்டும் பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நாட்டில் திறந்த போட்டித்தேர்வு வைத்தால் அதிகாரம் முழுவதும் அந்தச் சாதியின் கைக்குப் போய்விடும் என்பது அவர்கள் அச்சம். இந்த மனுவை ஆங்கில ஆட்சிக்கு வால்பிடித்ததாக மட்டும் படிப்பவர்கள் உண்டு. தேர்வறைக்குள் வந்தவர்களின் திறமையைத் தேர்வு அளக்கும், வரமுடியாமல் போனவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது என்பதைக் கண்டுகொண்ட அரசியல் மனு அது என்றே நான் படிக்கிறேன்.

சீனிவாசன் இதைத் தன் உடம்பில் அறிந்தவர். 1939இல் வெளியான தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூர்ப் பள்ளி நாட்களைச் சொல்கிறார். ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, வகுப்பு தொடங்கும்வரை வெளியே எங்காவது இருந்து படித்துவிட்டு, மணியடித்தபிறகே உள்ளே போவாராம். அந்தப் பள்ளியின் தேர்ச்சிப் பட்டியலில் இந்த அச்சத்துக்கு ஒரு கட்டம் கிடையாது.

1904இல் கர்சன் காலத்துக் கல்விக் கொள்கைத் தீர்மானத்தோடு தேர்ச்சிக்கு ஏற்ற மானிய முறை விடைபெற்றது. ஆனால் அது விட்டுச்சென்ற பார்வை போகவில்லை. 1910களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் எடுத்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்த்தவை 609. அக்கிரகாரத்திலும் கோயில் இடத்திலும் சாவடியிலும் பள்ளியை வைத்துக்கொண்டு, ‘யாரையும் நாங்கள் தடுக்கவில்லை’ என்று சொல்ல முடிந்தது. தேர்ச்சியை வைத்துப் பார்த்தால் அந்த ஏழாயிரத்துச் சொச்சம் பள்ளிகளில் நல்ல பள்ளிகள் பல இருந்திருக்கும். கதவைச் சாத்தியதற்காக எந்த இன்ஸ்பெக்டரும் அவற்றின் மதிப்பைக் குறைக்கவில்லை. கதவுக்கு உள்ளே நடப்பதை மட்டும் அளக்கும் கணக்கு, கதவைப் பற்றிக் கேட்பதில்லை.

ஒரே எண், இரண்டு கணக்கு

1927 மார்ச் 12. பம்பாய்ச் சட்ட மேலவையில் கல்வி மானியத்தின் மீது பாபாசாகேப் அம்பேத்கர் பேசுகிறார். அரசின் அறிக்கையிலிருந்தே ஓர் எண்ணை எடுக்கிறார். தொடக்கப்பள்ளியில் சேரும் 100 குழந்தைகளில் நான்காம் வகுப்பை எட்டுகிறவர்கள் 18 பேர். மீதி 82 பேர் மீண்டும் எழுத்தறியாமைக்கே திரும்பிப் போகிறார்கள். மதுவரியில் மக்களிடமிருந்து வாங்கும் பணத்தையும் கல்விக்கு அரசு செலவிடும் பணத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். வாங்கியதையாவது திருப்பிக் கொடுங்கள் என்பது அவர் கோரிக்கை. கல்வி எளியவர்களுக்கு எட்டும்படி மலிவாக வேண்டும் என்கிறார்.

இரண்டாண்டு கழித்து, 1929இல், சைமன் கமிஷனின் துணைக்குழுவாக அமைந்த ஹார்டாக் குழு அறிக்கை தந்தது. அதிலும் 18 வருகிறது. 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த 100 பேரில் 1925-26இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர். குழு இதற்கு ‘விரயம்’ என்று பெயரிட்டது. ஒரே வகுப்பில் தங்கிப்போவதற்குத் ‘தேக்கம்’ என்று பெயரிட்டது. மருந்தாகச் சொன்னது: பள்ளிகளை வேகமாகப் பெருக்காதீர்கள், இருப்பதை ஒழுங்குசெய்து தரத்தை உயர்த்துங்கள்.

எண் ஒன்றுதான். அம்பேத்கர் அதை அரசின் முகத்துக்கு நேரே பிடித்தார். 82 குழந்தைகளுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள் என்றார். ஹார்டாக் குழு அதைப் பள்ளியின் பக்கமும் குழந்தையின் பக்கமும் திருப்பியது. விரயம் என்ற சொல்லைக் கவனியுங்கள். குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட அநியாயத்தை அந்தச் சொல் அரசுக்கு நேர்ந்த பண நட்டமாக மாற்றிவிடுகிறது. பள்ளிகளைப் பெருக்காதீர்கள் என்றால், இனிமேல்தான் பள்ளி வரவேண்டிய இடங்கள் எவை? சேரியும் மலையும்தானே. தரம் என்ற சொல் நம் பிள்ளைகளுக்கு எதிராக எப்படி வேலை செய்யும் என்பதை அன்றே பார்த்துவிட்டோம்.

நூறு விழுக்காடு எப்படி வருகிறது

இப்போது நம் காலத்துக்கு வருவோம். விடுதலைக்குப்பின் தமிழ்நாட்டில் பள்ளிகள் பெருகின. 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவு வந்தது. பழைய தொழிலாளர் துறையின் பள்ளிகள் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக வளர்ந்தன. மூன்று தலைமுறைக்குள் நம் வீடுகளில் பட்டதாரிகள் வந்தார்கள். இதை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. இந்த வளர்ச்சிக்குள்ளேயேதான் பழைய இன்ஸ்பெக்டரின் நிழலும் வளர்ந்தது.

நூறு விழுக்காடு வேண்டும் என்ற நெருக்கடி ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் என்ன செய்கிறது என்று அங்கு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்பு இரண்டாகப் பிரியும். தேறக்கூடியவர்கள் ஒரு பக்கம், ‘மெல்லக் கற்போர்’ இன்னொரு பக்கம். மெல்லக் கற்போருக்கு மெலிந்த ஒரு கையேடு: இத்தனை கேள்வி படித்தால் 35 வரும். காலையிலும் மாலையிலும் ஸ்பெஷல் கிளாஸ். விளையாட்டு, நூலகம், ஓவியம் எல்லாம் நின்றுவிடும். பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு பாடத்தைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு, 35 மதிப்பெண்ணுக்காக அடகு வைக்கப்படுகிறது.

இதைவிட மோசமானது ஒன்பதாம் வகுப்பில் நடப்பது. தேறமாட்டான் என்று தோன்றும் பையனின் பெற்றோரை அழைத்து, ‘டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், வேறு இடத்தில் சேருங்கள், பிரைவேட்டாக எழுதட்டும்’ என்று சொல்வது. சில தனியார் பள்ளிகள் இதை வெளிப்படையாகவே செய்கின்றன. அங்கிருந்து வெளியேற்றப்படும் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வந்து சேருகிறார்கள். அரசுப் பள்ளியும் அழுத்தம் தாங்காமல் சில இடங்களில் இதே வழிக்குப் போகிறது. அந்தப் பையன் செங்கல் சூளைக்குப் போகிறான், பனியன் கம்பெனிக்குப் போகிறான். பெண்ணாக இருந்தால் கல்யாணம் பேசுகிறார்கள். பள்ளியின் விழுக்காடு உயர்கிறது. தேர்வு எழுதியவர்களைக் கொண்டு வகுத்தால் நூறு வரும். ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களைக் கொண்டு வகுத்தால் என்ன வரும்?

ஆசிரியரின் நிலையையும் பார்க்க வேண்டும். கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில், பெற்றோர் ஆசிரியர் கழகம் தரும் சிறு தொகைக்கு ஒரு தற்காலிக ஆசிரியை பாடம் எடுப்பார். விழுக்காடு குறைந்தால் மெமோ தலைமை ஆசிரியருக்கு வரும். பணியிடத்தை நிரப்பாதவருக்கு மெமோ அனுப்ப எந்த அலுவலகமும் இல்லை. தொடக்கப்பள்ளியில் இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்ப்பார்கள். அவர்களேதான் வருகை, சீருடை, காலணி, மதிப்பீடு எல்லாவற்றையும் எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டும். சேரிப் பள்ளிக்கு விரும்பி வந்த நல்ல ஆசிரியர்கள் இதில் களைத்துப்போகிறார்கள். விழுக்காடு எளிதாக வரும் பள்ளிக்கு மாறுதல் கேட்கிறார்கள். பூலே சொன்ன அதே கணக்கு: கடினமான குழந்தையிடமிருந்து ஆசிரியரை விலக்கும் ஏற்பாடு.

அரசு இதை அறியாமலில்லை. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் நிறுத்தப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் மாவட்டப் பட்டியல் நிற்கவில்லை. 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு ஆணையிட்டது. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்ற 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒன்றிய அரசு 2019இல் திருத்தியதன் தொடர்ச்சி அது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று ஆசிரியர் அமைப்புகளும் பெற்றோரும் மாணவர் இயக்கங்களும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரி 4 அன்று அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. நாம் பேசினால் நிற்கும் என்பதற்கு இது அண்மைச் சான்று. ஆனால் 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க வழிசெய்யும் விதிகளை வெளியிட்டுவிட்டது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மேல்படிக்கட்டில் நீட் நிற்கிறது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தவர். ஒரு தேர்வு கேட்டதை எல்லாம் கொடுத்தவர். 2017இல் இன்னொரு தேர்வை வைத்து அந்த 1176 செல்லாது என்றார்கள். உச்ச நீதிமன்றம்வரை போய்விட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவர் உயிரை விட்டார். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டக்கூடியவர்களுக்கு ஏற்ற தேர்வு அது என்பதை அவர் சாவுக்குப் பிறகே பலரும் பேசினார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் தமிழக அரசு தந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஒரே அளவுகோல் எல்லோரையும் நியாயமாக அளக்காது என்பதை மீண்டும் ஒருமுறை ஒப்புக்கொண்டது. 1893 ஆணைக்கும் 2020 சட்டத்துக்கும் இடையே 127 ஆண்டு. கண்டுபிடிப்பு ஒன்றுதான்.

தேர்வே வேண்டாமா?

இந்த இடத்தில் மாணவ நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். அப்படியானால் தேர்வே வேண்டாமா?

எளிதான பதில் இல்லை. பொதுத்தேர்வில் நம் பிள்ளையின் விடைத்தாளில் பெயர் இல்லை, தெரு இல்லை, சாதி இல்லை. திருத்துகிறவர் யாரென்று நமக்குத் தெரியாது, நாம் யாரென்று அவருக்குத் தெரியாது. உள்ளூர் ஆசிரியரின் கையில் மட்டும் மதிப்பெண் இருந்தால் என்ன ஆகும் என்று கல்லூரிகளின் அக மதிப்பீட்டில் அடிபட்டவர்கள் சொல்வார்கள். 1907இல் பாபாசாகேப் மெட்ரிகுலேஷன் தேறியபோது அது ஒரு சமூகத்தின் விழாவானது. நம் வீடுகளில் முதல் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழைச் சட்டம்போட்டு மாட்டினோம். தேர்வு நமக்கு வாசலாகவும் இருந்திருக்கிறது. அதைத் தூக்கி எறியச் சொல்வது, வாசலுக்கு வேறு வழி வைத்திருப்பவர்கள் பேசும் பேச்சு.

ஆகவே இரண்டைப் பிரிக்க வேண்டும். ஒரு மாணவர் தான் கற்றதைச் சாதி மறைத்து நிரூபிக்கும் தேர்வு வேறு. அந்த மாணவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டி, வகுத்து, அதைக்கொண்டு பள்ளியைத் தண்டிப்பது வேறு. முதலாவது பிள்ளையின் உரிமை. இரண்டாவது, அரசு தன் கடமையைப் பள்ளியின் தலையில் இறக்கிவைக்கும் வழி. இரண்டையும் ஒரே விடைத்தாளில் கட்டிவைத்ததால்தான் தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளை பள்ளிக்குச் சுமையாகத் தெரிகிறான்.

அந்தப் பிள்ளையைச் சுமையாக்காத கணக்கைக் கேட்பது நம் வேலை. அதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. உங்கள் ஒன்றியத்தில் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ற கல்வியாண்டுக்கு முந்தைய ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள், இடையில் போனவர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் நேரிலும் கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தனி எண் கேளுங்கள். அதே பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, எத்தனை மாதமாகக் காலி, ஆய்வாளர் கடைசியாக எப்போது வந்தார் என்றும் கேளுங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊர்க்கூட்டத்திலும் கிராமசபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் படியுங்கள். பாடம் நடத்தாத ஆசிரியர் அதில் தப்ப முடியாது. பணியிடத்தை நிரப்பாத அரசும் தப்ப முடியாது. சொல்லாமல் வந்து பாருங்கள் என்று பூலே கேட்டதும், 82 பேருக்குப் பதில் சொல்லுங்கள் என்று அம்பேத்கர் கேட்டதும் இந்த இரண்டு பட்டியலிலும் சேர்ந்துவிடும்.

அடுத்த முடிவுகள் வெளியாகும் நாளில் நூறு விழுக்காட்டுப் பள்ளிகளின் பட்டியல் செய்தியில் வரும்போது, உங்கள் கையில் இந்தப் பட்டியல் இருக்க வேண்டும். அதில் இருக்கும் பெயர்கள் தேர்வில் தோற்றவர்களின் பெயர்கள் அல்ல. தேர்வறை வாசல்வரை வரவிடப்படாதவர்களின் பெயர்கள். அவர்களில் சிலராவது ஜூன் மாதம் திரும்பப் பள்ளியில் சேர்ந்தால் இந்தச் சொற்பொழிவுக்குச் செலவிட்ட நேரம் வீண் இல்லை.

ஜெய்பீம்.